இரைப்பை லிம்போமா ரேடியேஷன்: இடது சிறுநீரகத்தின் டோஸை எப்படிக் குறைப்பது?

பிளானிங்_மேசை கேட்டது:

61 வயது நோயாளி. இரைப்பையில் மால்ட் லிம்போமா (சளிச்சவ்வுத் திசுவில் மெதுவாக வளரும் நிணநீர்ப் புற்றுநோய்), நோய் இரைப்பையைத் தாண்டவில்லை. ஹெலிகோபாக்டர் பைலோரிக்கான மருந்து முடிந்து கிருமி போய்விட்டது, ஆனால் பயாப்சியில் லிம்போமா அப்படியே இருக்கிறது. 11, 18 குரோமோசோம்களுக்கு இடையிலான இடமாற்றமும் இருப்பதால் இனிக் காத்திருந்து பயனில்லை என்று முடிவாகி, முழு இரைப்பைக்கும் 30 கிரே (கதிர் டோஸின் அலகு), 20 பிராக்ஷன் (தவணை) என்று எழுதியிருக்கிறார்கள்.

சிக்கல் சிறுநீரகத்தில். ரீனோகிராமில் (சிறுநீரகத்தின் வேலையை அளக்கும் ஸ்கேனில்) இடது சிறுநீரகத்தின் பங்கு 68 சதவீதம், வலதின் பங்கு 32. இரைப்பைக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு இருப்பதோ அந்த இடதுதான்.

4டி சிடி (மூச்சின் கட்டங்களைக் காட்டும் ஸ்கேன்) எடுத்து ஐ.டி.வி. (மூச்சோடு இலக்கு நகரும் இடம் முழுவதும்) வரைந்து, சுற்றிலும் 2 செ.மீ. மார்ஜின் கொடுத்து, இரண்டு முழு ஆர்க் வி-மேட் (கருவி நோயாளியைச் சுற்றியபடியே கதிர் கொடுக்கும் முறை) போட்டேன். சராசரி டோஸ்: இடது சிறுநீரகம் 17 கிரே, வலது 6, கல்லீரல் 16, இதயம் 7. அட்டவணையில் எல்லாம் பச்சை நிறம், அதாவது வரம்புக்குள். இருந்தாலும் இதை அனுப்ப மனம் வரவில்லை. சிமுலேஷனுக்கு (திட்டமிடும் ஸ்கேனுக்கு) இரண்டு மணி நேரம் முன்பு நோயாளி காலை உணவு சாப்பிட்டிருக்கிறார். வந்த பிறகு கான்ட்ராஸ்ட் 200 மில்லி கொடுத்திருக்கிறார்கள். ஆப்டிமைசரில் (டோஸைச் சரிசெய்யும் மென்பொருளில்) இன்னும் அழுத்தினால் சரியாகுமா, அல்லது ஸ்கேனையே மறுபடி எடுக்க வேண்டுமா?

---

உதரவிதானம் பதில்:

ஸ்கேனை மறுபடி எடுங்கள். நிறைந்த வயிற்றின் மேல் எவ்வளவு நல்ல பிளான் போட்டாலும் அது நிறைந்த வயிற்றின் பிளான்தான். பிழை சிமுலேஷன் அறையில் நடந்திருக்கும்போது ஆப்டிமைசரிடம் கேட்டுப் பயனில்லை.

முதலில் மார்ஜின் கணக்கைப் பாருங்கள். இரைப்பையை 4 செ.மீ. ஆரமுள்ள உருண்டை என்று வைத்துக்கொண்டால் கனஅளவு சுமார் 268 மில்லி. சுற்றிலும் 1 செ.மீ. சேர்த்தால் 524 மில்லி. 2 செ.மீ. சேர்த்தால் 905. அதாவது இரண்டாவது செ.மீ. மட்டும் கூடுதலாக 380 மில்லியை இலக்குக்குள் இழுத்துவிடுகிறது. இது இரைப்பையைவிடப் பெரிய கனஅளவு, முழுக்க நல்ல திசு. பின்பக்கம் அந்தத் திசு உங்கள் இடது சிறுநீரகத்தின் மேல்முனை, இடப்பக்கம் மண்ணீரல், மேலே இதயத்தின் அடிச்சுவர். பெரிய வயிற்றில் தொடங்கினால் எல்லா எண்களும் இன்னும் ஊதிப்போகும்.

உணவு விஷயத்தில் விதி எளியது: சிமுலேஷனுக்கும் ஒவ்வொரு நாள் சிகிச்சைக்கும் ஒரே நிலை. திட உணவு குறைந்தது 4 மணி நேரம் கூடாது. காலை முதல் ஸ்லாட் கொடுத்து இரவு முழுக்க வெறும் வயிற்றோடு வரச் சொல்வதுதான் மிக நம்பகமானது, ஏனென்றால் பகல் நேரத்து 4 மணிப் பட்டினி ஆளுக்கு ஆள் மாறும். மாத்திரைக்கு இரண்டு வாய் தண்ணீர் பரவாயில்லை. சோடா போன்ற வாயு பானம் முந்தைய இரவிலிருந்தே வேண்டாம்.

கான்ட்ராஸ்ட் 200 மில்லி மிக அதிகம். இரைப்பைச் சுவர் தெரியத்தான் கான்ட்ராஸ்ட், வயிற்றை நிரப்ப அல்ல. நீர்த்த அயோடின் கான்ட்ராஸ்ட் 50 மில்லியைத் தாண்டாமல், மேசையில் படுப்பதற்குச் சற்று முன் கொடுத்தால் போதும். டோஸ் கணக்கிடும்போது அந்தப் பகுதியின் அடர்த்தியை நீர் மதிப்புக்கு மாற்றிவிடுங்கள்.

ஃபண்டஸில் (இரைப்பையின் மேல்பகுதியில்) பெரிய வாயுக் குமிழி இருந்தால் அதற்கும் இதே வைத்தியம். இது பலர் கவனிக்காத இடம். இலக்குக்குள் காற்று இருந்தால் அங்கே டோஸ் குறைவாகத் தெரிகிறது, ஆப்டிமைசர் அதை நிரப்பக் கற்றையைத் திணிக்கிறது. மறுநாள் அந்தக் குமிழி இருக்காது, திணித்த டோஸ் மட்டும் இருக்கும்.

4டி சிடியில் ஐ.டி.வி. எப்படி வரைந்தீர்கள்? அதிகபட்ச அடர்த்திப் படத்தை (எல்லாக் கட்டங்களிலும் ஒவ்வொரு புள்ளியின் உச்ச அடர்த்தியை மட்டும் காட்டும் படம்) வைத்து என்றால் அதுவும் தவறு. நுரையீரல் கட்டிக்கு அது வேலை செய்வது, சுற்றிலும் காற்று இருப்பதால். இரைப்பையும் கல்லீரலும் மண்ணீரலும் ஏறக்குறைய ஒரே அடர்த்தி, எல்லை கரைந்துபோகும். முழு மூச்சு உள்ளே, முழு மூச்சு வெளியே, நடுவில் ஒன்று என்று குறைந்தது மூன்று கட்டங்களில் கையால் வரைந்து ஒன்றாகச் சேருங்கள். உணவுக்குழாய் சேருமிடத்திலிருந்து டியோடினத்தின் (சிறுகுடலின் முதல் பகுதி) தொடக்கம் வரை முழு இரைப்பையும் உள்ளே வர வேண்டும். பெரிதாகத் தெரியும் நிணநீர்க் கணுக்கள் பக்கத்தில் இருந்தால் அவையும்.

---

மூன்றாம்_பரிமாணம் பதில்:

மேலே சொன்னதெல்லாம் சரி. உங்கள் "பச்சை நிறம்" பற்றி மட்டும் ஒன்று சொல்ல வேண்டும்.

2010இல் வந்த குவான்டெக் (நல்ல உறுப்புகள் தாங்கும் டோஸ்களின் தொகுப்பு) வரம்புகளில் இரண்டு சிறுநீரகங்களும் சேர்த்துச் சராசரி 15 முதல் 18 கிரேக்குள், 12 கிரே வாங்கும் பகுதி 55 சதவீதத்துக்குள், 20 கிரே வாங்கும் பகுதி 32 சதவீதத்துக்குள் என்று இருக்கிறது. உங்கள் மென்பொருள் இரண்டையும் ஒரே உறுப்பாகச் சேர்த்துப் பார்க்கிறது. இரண்டும் ஒரே அளவு என்று கொண்டால் சராசரி 11.5 கிரே, நிம்மதியான எண். ஆனால் வேலை செய்யும் பங்கைக் கொண்டு எடைபோட்டால் 0.68 × 17 + 0.32 × 6, ஏறக்குறைய 13.5. பாதி வேலையைவிட அதிகம் செய்யும் உறுப்பு மூன்று மடங்கு டோஸ் வாங்குகிறது என்பதைச் சேர்த்துப் பார்க்கும் எண் மறைத்துவிடுகிறது. இந்த நோயாளிக்கு இடதைத் தனி உறுப்பாக வைத்து, சராசரியை இரட்டை இலக்கத்துக்குக் கீழே கொண்டுவரப் பாருங்கள். வலதுக்குப் போகும் டோஸ் கொஞ்சம் ஏறினாலும் பரவாயில்லை, ஆனால் அதைக் கைவிட்டுவிட வேண்டாம்.

இன்னொரு விஷயம், அந்த வரம்புகளில் பெரும்பாலானவை 45, 50 கிரே கொடுக்கும் சிகிச்சைகளுக்கானவை. தண்டுவடத்துக்கு 45, சிறுகுடலுக்கு 45 கிரே வாங்கும் பகுதி 195 மில்லிக்குள் என்பதெல்லாம் 30 கிரே எழுதிய அன்றே தானாக நிறைவேறிவிடும். அவற்றைத் தொட்டுக்கொள்ளாமல் இருப்பது சாதனை அல்ல. மால்ட் லிம்போமா நோயாளி பல ஆண்டுகள் வாழ்வார். எனவே கேள்வி "வரம்புக்குள் இருக்கிறதா" என்பதல்ல, "இதைவிடக் குறைக்க முடியுமா" என்பதுதான்.

பிளானுக்கு வருவோம். முழு ஆர்க் வேண்டாம். இடது பின்பக்கத்திலிருந்து நுழையும் கற்றை சிறுநீரகத்தைத் துளைத்துக்கொண்டுதான் இரைப்பைக்குப் போகும், அந்தக் கோணங்களை மூடிவிடுங்கள். முன்பக்கக் கற்றையும் வெளியேறும்போது சிறுநீரகத்தைத் தொடும் என்பதை மறக்க வேண்டாம், ஆகவே முன்பக்கம் மட்டும் வைத்தாலும் தீராது. இரைப்பைக்கும் சிறுநீரகத்துக்கும் இடையிலான தளத்தை உரசிக்கொண்டு போகும் இடப்பக்கக் கோணங்களும் முன்பக்கச் சாய்வுக் கோணங்களும் சேர்ந்த பகுதி ஆர்க்குகள்தான் நல்ல சரிவைக் கொடுக்கும். கோலிமேட்டரை (கற்றையை உலோக இலைகளால் வடிவமைக்கும் பகுதியை) அந்தத் தளத்தின் சாய்வுக்கு ஏற்பத் திருப்பினால் இலைகள் சிறுநீரகத்தை நன்றாக மறைக்கும்.

சிறுநீரகமும் மூச்சோடு மேலும் கீழும் நகரும். அசையாத படத்தில் வரைந்த சிறுநீரகத்தை மட்டும் காப்பாற்றினால் நகரும் சிறுநீரகம் டோஸ் வாங்கிவிடும். அதற்கும் எல்லாக் கட்டங்களையும் சேர்த்து ஒரு காப்புக் கனஅளவு வரைந்து அதன்மேல் ஆப்டிமைஸ் செய்யுங்கள். கணக்கை மட்டும் உண்மையான சிறுநீரகத்தில் எடுங்கள்.

பி.டி.வி.யும் (மார்ஜின் சேர்ந்த இலக்கு) இந்தக் காப்புப் பகுதியும் ஒன்றன்மேல் ஒன்று விழும் இடத்தில் என்ன செய்வது என்பதை மருத்துவரோடு பேசி முன்கூட்டியே எழுதி வையுங்கள். சி.டி.வி. (மார்ஜின் சேராத இலக்கு, இங்கே முழு இரைப்பை) முழுதாக மூடப்பட்டிருந்தால், அந்த இடத்தில் பி.டி.வி. விளிம்புக்கு 90 சதவீதம் வந்தாலும் ஏற்றுக்கொள்ளலாம் என்பது என் கருத்து. சி.டி.வி.யில் மட்டும் சமரசம் கூடாது. மால்ட் லிம்போமா இரைப்பையில் ஒரே இடத்தில் நிற்காமல் பல தீவுகளாகக் கிடக்கும். எண்டோஸ்கோபியில் தெரிந்த புண்ணுக்கு மட்டும் கொடுக்கலாமே என்று யாராவது கேட்டால் பதில் "கூடாது" என்பதுதான்.

கல்லீரலின் இடது மடல் இரைப்பை மேல் படுத்திருக்கிறது, அதைக் காக்க முடியாது. வலது மடலைக் காத்தால் சராசரி தானாக இறங்கும். ஏற்கெனவே கல்லீரல் நோய் உள்ளவருக்கு 28 கிரே, இல்லாதவருக்கு 30 முதல் 32 என்பது சராசரிக்கான பழைய எல்லை. நீங்கள் அதன் பக்கத்திலேயே போகப்போவதில்லை. இதயம் வேறு கதை. ஃபண்டஸ் உதரவிதானத்துக்கு அடியில், இடது வென்ட்ரிக்கிளின் அடிச்சுவருக்கு நேர் கீழே இருக்கிறது. 7 கிரே சராசரி எனக்குப் பிடிக்கவில்லை, 5க்குக் கீழே கொண்டுவாருங்கள். இது டிஃப்யூஸ் லார்ஜ் பி செல் (வேகமாக வளரும் லிம்போமா) வகையாக இருந்து நோயாளி முன்பே டாக்ஸோரூபிசின் (இதயத்தைப் பாதிக்கக்கூடிய புற்றுநோய் மருந்து) வாங்கியிருந்தால் இன்னும் கண்டிப்பாக இருப்பேன்.

---

வார்டு_எண்ணம் பதில்:

பிளானிங் தரப்பு தெளிவாகச் சொல்லிவிட்டார்கள். எழுதப்பட்ட டோஸையும் ஒருமுறை கேள்வி கேட்கலாம்.

மந்தமாக வளரும் லிம்போமாக்களில் 24 கிரே, 40 முதல் 45 கிரேக்குச் சமமாக வேலை செய்கிறது என்று 2011இல் வந்த பெரிய ஒப்பீட்டு ஆய்வு காட்டியது. சர்வதேச லிம்போமா ரேடியேஷன் குழுவின் 2015 வழிகாட்டியிலும் இரைப்பை மால்ட்டுக்கு 24 முதல் 30 கிரே என்றே இருக்கிறது. 24க்கு இறங்கினால் எந்த ஆப்டிமைசர் வித்தையும் இல்லாமலே எல்லா உறுப்பு டோஸும் ஐந்தில் ஒரு பங்கு குறையும்: உங்கள் 17 கிரே 13.6 ஆகும். நல்ல ஸ்கேன், சிறிய மார்ஜின், 24 கிரே மூன்றும் சேர்ந்தால் கதையே வேறு. நாளுக்கு 1.5 கிரே என்ற வேகத்தை வைத்துக்கொள்ளுங்கள், 16 பிராக்ஷனில் முடியும். வயிறு அதை நன்றாகத் தாங்கும்.

4 கிரே மட்டும் இரண்டு பிராக்ஷனில் கொடுத்துவிட்டு, எண்டோஸ்கோபியில் பார்த்து, தேவைப்பட்டால் மட்டும் மீதியைக் கொடுக்கும் முறையும் சிறிய ஆய்வுகளில் நல்ல பலன் காட்டியிருக்கிறது. ஒற்றைச் சிறுநீரகத்தை நம்பி இருப்பவர்களுக்கு அதை மருத்துவக் குழுவில் பேசத் தயங்க வேண்டாம். ஆனால் திரும்பத் திரும்ப எண்டோஸ்கோபிக்கு வரக்கூடிய நோயாளியாக இருக்க வேண்டும்.

மண்ணீரலைப் பற்றி யாரும் விரிவாகப் பேசவில்லை. அது இலக்கு அல்ல, ஆனால் இரைப்பையின் இடது வளைவில் ஒட்டியிருப்பதால் வாங்கிக்கொண்டே இருக்கும். குழந்தைப் பருவப் புற்றுநோயிலிருந்து மீண்டவர்களிடம் மண்ணீரலுக்கு 10 கிரே தாண்டியபோது பிற்காலத் தொற்று மரணங்கள் அதிகரித்தது தெரிய வந்திருக்கிறது. பெரியவர்களுக்கு அதே எண் அப்படியே பொருந்தும் என்று சொல்ல மாட்டேன், ஆனாலும் மண்ணீரலைத் தனியாக வரைந்து, டோஸைப் பதிவு செய்து, சராசரி 10க்குக் கீழே வருமா என்று பாருங்கள். வராது என்று தெரிந்தால் நிமோகாக்கஸ், மெனிங்கோகாக்கஸ் தடுப்பூசிகளைச் சிகிச்சை தொடங்கக் குறைந்தது இரண்டு வாரம் முன்பே பேசி முடியுங்கள். ரிட்டுக்சிமாப் (பி செல்களை அழிக்கும் லிம்போமா மருந்து) வாங்கிய உடம்பில் தடுப்பூசி சரியாகப் பிடிக்காது, அதனால் வரிசை முக்கியம்.

மருந்துகள்: மேல்வயிற்று ரேடியேஷன் மிதமான வாந்தி அபாயம் உடையது. ஆன்டன்செட்ரான் 8 மி.கி. ஒவ்வொரு சிகிச்சைக்கும் சுமார் ஒரு மணி நேரம் முன்பு, முதல் ஐந்து நாட்களுக்கு வேண்டுமானால் டெக்ஸாமெத்தசோன் 4 மி.கி. சேர்க்கலாம். குமட்டல் வந்த பிறகு கொடுப்பதைவிட வராமல் தடுப்பதே நல்லது. வாந்தி எடுப்பவர் எடை இழப்பார், எடை இழந்தால் உங்கள் பிளானின் உடலமைப்பே மாறிவிடும். ஆன்டன்செட்ரான் மலச்சிக்கல் தரும், மலச்சிக்கல் குடலில் வாயுவைச் சேர்க்கும். அதையும் முன்கூட்டியே கவனியுங்கள். அமிலம் குறைக்கும் மாத்திரை சிகிச்சை முழுக்கவும் அதற்குப் பின் சில வாரங்களும் வேண்டும். ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்ற வலிநிவாரணிகள் இரைப்பைக்கும் கெடுதி, சிறுநீரகத்துக்கும் கெடுதி. இந்த நோயாளிக்கு அவை இரட்டைத் தடை.

---

காத்திருப்பு_அறை கேட்டது:

நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். அப்பாவுக்கும் இதே சிகிச்சை தொடங்கப்போகிறது. அவருக்குச் சர்க்கரை நோய் உண்டு, இன்சுலினும் மாத்திரையும் எடுக்கிறார். இரவு முழுக்கப் பட்டினி இருந்து வருவது ஆபத்தில்லையா?

---

வார்டு_எண்ணம் பதில்:

சரியாகக் கேட்டீர்கள். காலையின் முதல் நேரத்தை அப்பாவுக்குக் கேட்டு வாங்குங்கள், இதற்கு மறுக்க மாட்டார்கள். காலை இன்சுலினையும், கிளிமிபிரைடு போன்ற சர்க்கரையை இறக்கும் மாத்திரையையும் வெறும் வயிற்றில் போட்டுவிட்டு வரக் கூடாது. சிகிச்சை முடிந்து சாப்பிடும்போது எடுப்பதா, அளவைக் குறைப்பதா என்பதை அவருடைய சர்க்கரை மருத்துவரிடம் முன்பே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். இரவு நேர இன்சுலின் அளவையும் சேர்த்துக் கேளுங்கள். கிளம்பும் முன்பும் மருத்துவமனையிலும் சர்க்கரை பாருங்கள். 70க்குக் கீழே போனால், அல்லது வியர்வை, நடுக்கம் வந்தால் குளுக்கோஸ் கொடுத்துவிடுங்கள். அன்றைய சிகிச்சை தள்ளிப்போனாலும் பரவாயில்லை, மறைக்காமல் ஊழியர்களிடம் சொன்னால் போதும்.

செமாக்ளூடைடு, லிராக்ளூடைடு போன்ற ஊசி போடுகிறாரா என்று பாருங்கள். அவை இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்தும். நீண்ட காலச் சர்க்கரையில் நரம்பு பாதித்திருந்தாலும் அப்படியே, மார்ஃபின் வகை வலி மாத்திரைகளும் அப்படியே. இவர்களுக்கு எட்டு மணி நேரப் பட்டினிக்குப் பிறகும் வயிற்றில் உணவு இருக்கலாம். இதைச் சிமுலேஷனுக்கு முன்பே சொல்ல வேண்டும், பாதிச் சிகிச்சையில் அல்ல. ஊசியை நீங்களாக நிறுத்த வேண்டாம்.

---

கன்சோல்_இருக்கை பதில்:

சிகிச்சை மேசைப் பக்கத்திலிருந்து. மார்ஜினை 1 செ.மீ. ஆக்கச் சொல்கிறீர்கள், ஆக்கலாம். ஆனால் அது தினமும் கோன் பீம் சிடி (சிகிச்சை மேசையிலேயே எடுக்கும் ஸ்கேன்) எடுப்பதாக இருந்தால் மட்டும். வாரம் ஒருமுறை படம் எடுக்கும் இடத்தில் 1 செ.மீ. மார்ஜின் வைத்தால் உறுப்பையும் காக்க மாட்டீர்கள், நோயையும் தப்பவிடுவீர்கள்.

முதுகெலும்பை வைத்துப் பொருத்திவிட்டு "சரியாக இருக்கிறது" என்று பொத்தானை அழுத்துவதுதான் இங்கே அடிக்கடி நடக்கும் தவறு. எலும்பு சரியாகத்தான் இருக்கும், இரைப்பை இருக்காது. எலும்பில் தொடங்கி, அதன்பின் மென்திசுவுக்குப் போய், இரைப்பைச் சுவர் பி.டி.வி. கோட்டுக்குள் இருக்கிறதா என்று மூன்று தளங்களிலும் உருட்டிப் பார்க்க வேண்டும். முக்கியமாக ஃபண்டஸின் மேல்பகுதி, பெரிய வளைவின் இடப்பக்கம். ஊதும்போது முதலில் கோட்டைத் தாண்டுவது அவைதான். பிளானில் சி.டி.வி., பி.டி.வி. இரண்டோடு இடது சிறுநீரகக் காப்புக் கோட்டையும் படத்தின் மேல் அனுப்பிவையுங்கள். இரைப்பையைப் பிடிக்க மேசையை நகர்த்தும்போது சிறுநீரகம் அதிக டோஸ் பகுதிக்குள் போய்விடுகிறதா என்று அப்போதுதான் தெரியும்.

இரைப்பை கோட்டுக்கு வெளியே வந்திருந்தால் நோயாளியை எழுப்பி, காலை என்ன சாப்பிட்டார், குடித்தார் என்று கேளுங்கள். வாயு என்றால் பத்து, பதினைந்து நிமிடம் நடக்கவிட்டு, ஏப்பம் விடச் சொல்லி மறுபடி படம். உணவு என்றால் இரண்டு, மூன்று மணி நேரம் கழித்துக் கடைசி ஸ்லாட்டில் போடுங்கள். அடுத்தடுத்து மூன்று நாள் இப்படி வந்தால் அது நோயாளியின் தவறாக இருக்க வாய்ப்பில்லை. பிளானில் இருக்கும் வயிறு அவருடைய வழக்கமான வயிறு இல்லை, புது ஸ்கேன் எடுக்க வேண்டும். எதிர்த்திசையில், வயிறு சுருங்கிப் பி.டி.வி.க்குள் நிறைய இடம் மிச்சமிருந்தாலும் சொல்லுங்கள். வீணாக நல்ல திசு வாங்குகிறது என்று பொருள்.

வயிற்றை அழுத்தும் பட்டையைப் பற்றி யாராவது கேட்பார்கள் என்பதால் சொல்லிவிடுகிறேன். கல்லீரல் கட்டிக்கு நல்லது, இங்கே எனக்கு உடன்பாடில்லை. இரைப்பை தினமும் ஒரு வடிவில் நசுங்கும், சிறுநீரகத்தின் பக்கமாகவே தள்ளப்படும்.

---

பிளானிங்_மேசை மீண்டும்:

எல்லோருக்கும் நன்றி. மறு சிமுலேஷன் காலை முதல் ஸ்லாட்டில் பதிவாகிவிட்டது, மருத்துவரும் 24 கிரேக்கு ஒத்துக்கொண்டார். மூச்சை இழுத்து நிறுத்தும் முறையையும் சேர்க்கலாமா? சிகிச்சை முடிந்தபின் சிறுநீரகத்தை எப்படிக் கண்காணிப்பது?

---

உதரவிதானம் பதில்:

நோயாளி 20 விநாடி மூச்சை நிம்மதியாக நிறுத்த முடிந்தால் முயலுங்கள். மூச்சின் அசைவு போய்விடுவதால் ஐ.டி.வி.யின் கூடுதல் பகுதி மறையும், கோன் பீம் படமும் தெளிவாக வரும். ஆனால் எல்லோருக்கும் ஒரே பலன் கிடைக்காது. உதரவிதானம் இறங்கும்போது இரைப்பையும் சிறுநீரகமும் வெவ்வேறு அளவில் இறங்குகின்றன, சிலரிடம் இடைவெளி கூடும், சிலரிடம் குறையும். ஒரே அமர்வில் சாதாரண மூச்சிலும் மூச்சை நிறுத்தியும் இரண்டு ஸ்கேனும் எடுத்து, இரண்டிலும் பிளான் போட்டு, இடது சிறுநீரகத்தின் எண்ணை வைத்து முடிவு செய்யுங்கள். ஒரே மாதிரி மூச்சை மூன்று நான்கு தடவை பிடிக்கிறாரா என்று சிமுலேஷன் அன்றே சோதியுங்கள். காற்றை நுரையீரலுக்கு இழுப்பதற்குப் பதில் விழுங்குபவர்களும் உண்டு, அவர்களுக்கு வயிற்றில் வாயுதான் சேரும்.

---

வார்டு_எண்ணம் பதில்:

சிறுநீரகப் பாதிப்பு உடனே காட்டிக்கொள்ளாது. ஆறு மாதம் முதல் ஓராண்டில் தொடங்கலாம், பல ஆண்டு கழித்தும் வரலாம். தொடங்கும் முன்பே கிரியேட்டினின், இ.ஜி.எஃப்.ஆர். (சிறுநீரகம் வடிகட்டும் வேகம்), சிறுநீரில் அல்புமின், ரத்த அழுத்தம் நான்கையும் பதிவு செய்துவையுங்கள், பிறகு ஒப்பிட ஏதாவது இருக்க வேண்டும். முதல் இரண்டு ஆண்டுகள் மூன்று முதல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை, அதன்பின் ஆண்டுக்கொருமுறை. புதிதாக ரத்த அழுத்தம் ஏறினால் அதை வயதின் கணக்கில் எழுதிவிட வேண்டாம், அதுவே முதல் அறிகுறியாக இருக்கலாம்.

முதல் எண்டோஸ்கோபி மூன்று முதல் ஆறு மாதத்தில். அப்போது பயாப்சியில் கொஞ்சம் லிம்போமா மிச்சமிருந்தாலும் அவசரப்பட வேண்டாம், மால்ட் மறைய ஓராண்டுக்கு மேலும் ஆகலாம். அந்த மிச்சத்தைப் பார்த்துப் பதறி இரண்டாவது முறை ரேடியேஷன் எழுதினால், முதல் தடவை இவ்வளவு பாடுபட்டுக் காத்த சிறுநீரகம் மறுபடி டோஸ் வாங்கும். டிஸ்சார்ஜ் குறிப்பில் இடது, வலது சிறுநீரகச் சராசரி டோஸைத் தனித்தனியாக எழுதிக் கொடுங்கள், மண்ணீரல் டோஸையும்.